ஆடிக்குக் காவிரி, சித்திரைக்கு உப்பளம்: பேரப்பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட வரலாற்று வகுப்பு எப்படி?

திருச்சியில் ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவர், கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு நடத்தும் வகுப்பு இது. வகுப்பு என்று பெயர்தானே தவிர, கரும்பலகை கிடையாது. வருஷத்துக்கு நான்கு பருவம். ஆடியில் காவிரி, புரட்டாசியில் கிராம சபை, தையில் அறுவடை, சித்திரையில் வேதாரண்யம் உப்பளம். அந்தப் பருவத்தில் ஊர் என்ன வேலை செய்கிறதோ அதைப் பிள்ளைகளும் கொஞ்சம் செய்து பார்க்க வேண்டும். வரலாறு அதற்குள்ளிருந்து வரும் என்பது டீச்சரம்மாக்களின் கணக்கு. என் பேரன் ஏழாவது படிக்கிறான், பேத்தி நாலாவது. மகனும் மருமகளும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் ஒரு முழுச் சுற்றுக்கும் துணைக்குப் போனது நான். நடத்துகிறவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், கூட்டம் கூடினால் சமாளிக்க முடியாதாம். சரி, பெயரில்லாமலே எழுதுகிறேன். பொன்மலைப் பக்கம் விசாரித்தால் யாரும் சொல்லிவிடுவார்கள்.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் பிட்டராக இருந்து ரிட்டயர்டு ஆனவன். ஒரு வேலையைப் பார்த்தால் முதலில் பாதுகாப்பு, அப்புறம் சாமான், அப்புறம்தான் பேச்சு. அந்தக் கண்ணோடு பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கட்டணம் ஒரு பருவத்துக்கு ஆளுக்கு 900 ரூபாய். வேதாரண்யத்துக்கு வேன், சாப்பாடு எல்லாம் சேர்த்துத் தனியாக 1,200. அண்ணன் தங்கை இரண்டு பேரைச் சேர்த்தால் தள்ளுபடி உண்டா என்று கேட்டுப் பார்த்தேன், இல்லை. துணைக்கு வரும் பெரியவர்களுக்கு வேனில் காசு வாங்குவதில்லை, ஆனால் கடைசி சீட்டுதான். முதுகுவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

காவிரியை இரண்டு நாளாகப் பிரித்து வைத்திருந்தது நல்ல யோசனை. ஜூன் முதல் வாரம், ஆற்றில் மணல் தெரிந்துகொண்டிருந்தபோது ஒரு நாள். ஆடிப்பெருக்கு அன்று இன்னொரு நாள். மணல் நாளில் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கூடை கருங்கல், கொஞ்சம் களிமண், இரண்டு வாளி. "அணை கட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீச்சரம்மா குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் மணலில் கல்லை அடுக்கி மேலே தண்ணீரை ஊற்றினார்கள். அடி மணலைத் தண்ணீர் அரித்தது, கல் பொதுக்கென்று உள்ளே போனது. "போச்சு, போச்சு" என்று ஒரே சத்தம். ஒரு பையன் கல்லைப் பிடுங்கப் போனான். "பிடுங்காதே, போன கல்லு மேலேயே இன்னொன்னு வை" என்றார் டீச்சர். அதுவும் இறங்கியது. இன்னொன்று. சந்தில் களிமண். கடைசியில் ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றது.

அப்போதுதான் கல்லணையைப் பற்றிப் பேச்சே எடுத்தார். ஆற்று மணலில் பெரிய பாறைகளைப் போட்டு, அவை தம் பாரத்திலேயே இறங்க, மேலே மேலே அடுக்கி, இடையில் களிமண் பூசிக் கட்டியது கரிகாலன் பெயர் சொல்லும் அந்த அணை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆர்தர் காட்டன் ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் 1836இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். பின்னால் கோதாவரியில் தவளேஸ்வரம் அணை கட்டியதும் அவர்தான். எஞ்சினியரிங் கல்லூரியில் சொல்ல வேண்டிய விஷயம், நாலாவது படிக்கிற பிள்ளைக்குக் கையில் சேற்றோடு புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து பேத்தி அவள் அப்பாவிடம் அஸ்திவாரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள்.

மேலணை எதற்கு என்பதையும் நன்றாகச் சொன்னார்கள். முக்கொம்பில் ஆறு காவிரி, கொள்ளிடம் என்று பிரிகிறது. காவிரியின் படுகை வண்டல் மேடிட்டுக்கொண்டே போக, தண்ணீர் பள்ளமாக இருந்த கொள்ளிடத்துக்கு ஓடிவிட, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. கொள்ளிடத்தின் வாயில் அணை போட்டுத் தண்ணீரைக் காவிரிக்குத் திருப்பியதுதான் மேலணையின் வேலை. அந்த அணையில்தான் 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு ஒன்பது ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. இந்த இடத்தில் "தாத்தா ஷட்டர் பத்திச் சொல்லுவாங்க" என்று டீச்சரம்மா என்னைக் கையைக் காட்டிவிட்டார். ஷட்டர் எப்படி ஏறும் இறங்கும், துரு எங்கே முதலில் பிடிக்கும், கிரீஸ் ஏன் வேண்டும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒரு பெண் பிள்ளை "அப்போ யாராவது கிரீஸ் போட்டிருந்தா விழுந்திருக்காதா?" என்று கேட்டாள். அது கிரீஸோடு முடிகிற சமாச்சாரம் இல்லை, 180 வருஷத்துக் கட்டுமானம், அன்றைக்கு வந்த வெள்ளமும் அப்படி என்றேன். ஆனாலும் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12. தண்ணீர் திருச்சிக்கு எப்போது வரும் என்று பிள்ளைகள் ஆளுக்கொரு ஊகம் எழுதிக் கொடுக்க வேண்டும். "அன்னைக்கே சாயந்திரம்" என்று எழுதினான் என் பேரன், கார் வேகத்தை மனதில் வைத்து. மூன்று நாள் ஆகும் என்று தெரிந்ததும் அவனுக்கு ஆச்சரியம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை, மைசூரோடு போட்ட 1924 ஒப்பந்தத்தால் வந்தது, முழு நீர்மட்டம் 120 அடி என்பதெல்லாம் அதற்குப் பிறகு சொன்னார்கள். இப்போது காலையில் பேப்பர் வந்தால் விளையாட்டுப் பக்கத்துக்கு முன்னால் மேட்டூர் நீர்மட்டம் பார்க்கிறான். வேறு எந்த டியூஷனும் இதைச் செய்ததில்லை.

ஆடிப் பதினெட்டு அன்று அம்மா மண்டபம் படித்துறைக்குப் போகாமல் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் படித்துறைக்குக் கூட்டிப் போனார்கள். அம்மா மண்டபத்தில் அன்றைக்கு இருக்கும் கூட்டத்தில் பிள்ளைகளைத் தொலைத்துவிட்டுத் தேட வேண்டியதுதான். பிள்ளைகள் முந்தின நாளே மூங்கில் குச்சியும் வர்ணக் காகிதமும் வைத்துச் சப்பரம் செய்திருந்தார்கள். பேத்தியின் சப்பரத்துக்குச் சக்கரம் கழன்றது, ஒரு ஆணியை வளைத்துக் காட்டர் பின் மாதிரி போட்டுக் கொடுத்தேன், அப்புறம் நாலைந்து சப்பரம் ரிப்பேருக்கு வந்துவிட்டது. இங்கேதான் அன்றைய வேலை. புதுக் கயிறு மாற்றிக்கொண்டு, சித்ரான்னம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான பெண்களிடம் போய், "பாட்டி, நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணி எப்படி இருக்கும்?" என்று கேட்டு எழுதி வர வேண்டும். கரையில் இருந்த புளியமரத்து அடி வரை வந்தது என்றார் ஒருவர். தண்ணீரே வராத வருஷத்தில் போர் தண்ணீரைக் குழாயில் விட, அதன் அடியில் நின்று தலையில் தெளித்துக்கொண்டு பூஜையை முடித்ததைச் சொன்னார் இன்னொருவர். பிள்ளைகள் அந்தப் பதில்களை வைத்துக்கொண்டே காவிரிப் பிரச்சினைக்குள் போனார்கள். மைசூரும் சென்னை மாகாணமும் காவிரித் தண்ணீருக்காகப் போட்ட 1892 ஒப்பந்தம் எந்தப் பாடப்புத்தகத்தில் வந்தாலும் கொட்டாவிதான் வரும்; பாட்டி குழாயடியில் நின்ற கதைக்குப் பிறகு வந்ததால் கேட்டார்கள்.

குறை ஒன்று சொல்ல வேண்டும். ஓடுகிற ஆற்றங்கரைக்கு இத்தனை பிள்ளைகளைக் கூட்டிப் போகிறார்கள், ஒரு கயிறு கிடையாது, மிதவை கிடையாது. தண்ணீருக்கு மூன்று படி மேலேயே நிறுத்தினார்கள் என்பது உண்மைதான். அது போதாது. ஒர்க்‌ஷாப்பில் இப்படி வேலை எடுத்தால் போர்மேன் கேட்டை விட்டு வெளியே அனுப்பியிருப்பார். சொன்னேன், முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த முறை வேனில் கயிறு கிடந்தது.

புரட்டாசிப் பருவம் அக்டோபர் 2. காந்தி ஜெயந்தி என்றால் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி; கண்ணாடியும் கம்பும் கொடுத்து ஒரு பையனை நிறுத்துவார்கள். இவர்கள் திருவெறும்பூர் பக்கம் ஓர் ஊராட்சியின் கிராம சபைக்குக் கூட்டிப் போனார்கள். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து யார் என்ன கேட்டார்கள், யார் என்ன பதில் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர்த் தொட்டி மோட்டார் காயில் எரிந்து கிடப்பதைப் பற்றி ஓர் அம்மா எழுந்து பேசினார் பாருங்கள், அந்த மாதிரி பேச்சை நான் எங்கள் யூனியன் கூட்டத்தில்கூட எப்போதாவதுதான் கேட்டிருக்கிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, காஞ்சிபுரம் பக்கத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிய பாடம். பராந்தக சோழன் காலத்தில் 919, 921 என்று இரண்டு தடவை வெட்டிய கல்வெட்டுகள். ஊரில் முப்பது குடும்பு (இன்றைய வார்டு மாதிரி), குடும்புக்குக் குடும்பு பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்வது. பிள்ளைகளும் பனையோலை நறுக்கில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டார்கள். எடுக்கிற பையனாக யாரோ ஒருவரின் யூகேஜி தம்பி. வாரியம் என்றால் கமிட்டி. ஏரி வாரியத்துக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கேன் பொறுப்பு, தோட்ட வாரியத்துக்கு இலை எடுக்கிற வேலை, சம்வத்சர (வருஷ) வாரியத்துக்கு மற்றவர்களை மேய்க்கிற வேலை. வாரியத்துக்கு 50 ரூபாய் கொடுத்து, டீ, பிஸ்கட் வாங்கிக் கணக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்.

கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவுக்காரரும் மறுபடி ஓலையில் பெயர் எழுத முடியாது என்பது கல்வெட்டு விதி. அதையும் அப்படியே வைத்தார்கள். ஒரு பையன் 12 ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல முடியாமல் முழிக்க, அதே வகுப்பில் இருந்த அவன் சித்தப்பா மகள் பெயரும் அடுத்த குலுக்கலில் இல்லை. அந்தப் பெண் அழுதாள். இரவு வாட்ஸ்அப் குழுவில் அவள் அம்மா ஒரு பிடி பிடித்தார். டீச்சரம்மா அசரவில்லை. "விதி ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் போட்டது, நான் போட்டதில்லை" என்று ஒரே வரி பதில். என் கட்சி டீச்சர்தான். சங்கக் கணக்கில் கை வைத்தவர்களின் மச்சான்கள் அடுத்த தேர்தலில் நின்று ஜெயித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த இடத்தில் அவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. கொடுத்த கையேட்டில் இதை உலகத்துக்கே முதல் ஜனநாயகம் என்று போட்டிருந்தார்கள். யார் நிற்கலாம் என்று பாருங்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். ஏரியை வெட்டினவன் பெயர் குடத்தில் விழவே விழாது. என் பேத்தி "இதுல பொம்பளைங்க பேர் போடலாமா?" என்று கேட்டாள். அண்ணனாக வந்த கல்லூரிப் பையன் "அந்தக் காலத்துல அப்படி" என்று மழுப்பினான். காலையில் மோட்டாருக்காக எழுந்து பேசிய அம்மாவைக் காட்டி, அன்றைக்கு இவர் பேசியிருக்க முடியாது, இன்றைக்குப் பேசுகிறார் என்று சொல்லியிருந்தால் இரண்டும் சேர்ந்து விளங்கியிருக்கும். கையில் இருந்த நல்ல வாய்ப்பு. கல்வெட்டின் பெருமை, கணக்குக் கேட்ட கறார்த்தனம், ஒருமுறை இருந்தவர் மூன்று வருஷம் திரும்ப வரக்கூடாது என்ற விதி, இதெல்லாம் பெருமைக்குப் போதாதா? எதற்கு முதல், உலகம் என்றெல்லாம்?

தைப் பருவம் சுமார். ஒரு பண்ணை விடுதியில் மாட்டு வண்டி சவாரி, வேட்டி பாவாடை தாவணி, கரும்போடு போட்டோ. நெல் ஏற்கெனவே மிஷினில் அறுத்துப் போயிருந்தது, பிள்ளைகள் வெறும் தாளைப் பார்த்தார்கள். எந்த மாட்டுக்கும் வரலாறு சொல்லப்படவில்லை. சர்க்கரைப் பொங்கல் மட்டும் நன்றாக இருந்தது. இந்த ஒரு பருவத்தை விட்டுவிட்டுப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

வேதாரண்யத்துக்கு வருகிறேன். மொத்த வகுப்பிலும் இதுதான் உச்சம், குறையும் இதில்தான் அதிகம்.

1930இல் காந்தி தண்டிக்கு நடந்தது மார்ச் 12 தொடங்கி ஏப்ரல் 5 வரை, உப்பு அள்ளியது ஏப்ரல் 6. இங்கே ராஜாஜி தலைமையில் தொண்டர்கள் ஏப்ரல் 13, சித்திரை முதல் நாள், திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து புறப்பட்டார்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று 150 மைல். ஏப்ரல் 28 வேதாரண்யம், ஏப்ரல் 30 அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது. கையேட்டில் இந்தக் கடைசித் தேதியைப் புறப்பட்ட தேதி என்று அச்சடித்திருந்தார்கள். வரலாற்று வகுப்பின் கையேட்டில் தேதி தப்பு என்பது டிக்கெட்டில் ஊர் பெயர் தப்பாக இருப்பது போல. பேனாவால் திருத்தச் சொல்லி வேனிலேயே அறிவித்தார்கள்.

அப்போதைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன், யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ ஆறு மாதம் ஜெயில் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் சோற்றைப் பொட்டலமாகக் கட்டிச் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டுவிட்டுப் போனார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. டீச்சரம்மாக்கள் செய்தது என்னவென்றால், கல்லூரிப் பிள்ளைகளை முன்னாலேயே பைக்கில் அனுப்பி, மன்னார்குடி தாண்டி ஒரு சாலையோரத் தோப்பில் புளிசாதப் பொட்டலங்களைச் சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. வேனை நிறுத்தி, "காலைச் சாப்பாடு கிடையாது, சாப்பாடு போட்டால் ஜெயில், கொஞ்சம் நடந்துட்டு வாங்க" என்று இறக்கிவிட்டார்கள். பத்து நிமிஷம் முணுமுணுப்பு. அப்புறம் யாரோ ஒருத்தி மேலே பார்த்தாள்.

நான் அந்தச் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது. வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தபடி மரத்தடியில் உட்கார்ந்த பிள்ளைகளிடம், கட்டிவிட்டுப் போனவர் யார் என்று யாருக்கும் தெரியாது, போலீஸ் கேட்டாலும் மரத்தை ஜெயிலில் போட முடியாது என்றார் டீச்சர். என் பேரன் பொட்டலத்தில் எறும்பு. "அப்பவும் எறும்பு இருந்திருக்கும்ல தாத்தா?" என்று தட்டிவிட்டுச் சாப்பிட்டான். சாதாரணமாக, வீட்டில் தட்டில் ஒரு கறிவேப்பிலை கிடந்தால் எழுந்து போகிறவன். நாமக்கல் கவிஞர் இந்த யாத்திரைக்காகவே எழுதிய வழிநடைப் பாட்டையும் வேனில் பாடவைத்தார்கள். தெரியாத வரியில் எல்லோரும் சத்தமாக முணுமுணுத்தோம்.

வேதாரண்யத்தில் வைரப்பன் கதை. சவரத் தொழிலாளி. ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருக்கும்போது அவர் போலீஸ்காரர் என்று தெரிய வந்ததும் பாதியிலேயே கத்தியை மடக்கிவிட்டார். கோர்ட்டில் மீதியைச் செய்து முடி என்று மாஜிஸ்திரேட் சொல்ல, வேண்டுமானால் நீங்களே செய்துவிடுங்கள் என்று சாமான்களை நீட்டிவிட்டு ஜெயிலுக்குப் போனார் என்று ஊரில் சொல்கிறார்கள். அவருக்கு அங்கே நினைவுத் தூண் இருக்கிறது. ராஜாஜி, சர்தார் வேதரத்தினம் பிள்ளை பெயரெல்லாம் பிள்ளைகளுக்கு மறந்துபோகலாம், பாதி மீசையோடு உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் மறக்க மாட்டார். திரும்பும் வழியெல்லாம் பையன்கள் அதையே நடித்துக்கொண்டு வந்தார்கள்.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இதுதான் பெரிய தவறு. உப்பு வாருகிறவர்கள் விடியும் முன்னாலேயே வந்து, வெயில் ஏறும்போது கிளம்பிவிடுவார்கள். ஏப்ரல் மாத உச்சி வெயில், எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை, கண் கூசுகிறது. தொப்பி கொண்டு வரச் சொன்னவர்கள் கறுப்புக் கண்ணாடி சொல்லவில்லை. ஒரு பிள்ளைக்கு மயக்கம் வந்து ஓ.ஆர்.எஸ். கொடுத்து ஓலைக் கொட்டகையில் படுக்க வைத்தோம். முதலுதவிப் பெட்டி இருந்தது, முழுசாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் முந்தின நாளே போய் ஊரில் தங்கி, அதிகாலையில் அளத்துக்குப் போயிருந்தால் இந்தப் பாடே இல்லை.

கிளம்பாமல் நின்றிருந்த ஒரு பெண் தொழிலாளி பிள்ளைகளுக்கு வாரிக் காட்டினார். நீளக் கைப்பிடி வைத்த பலகையைப் பாத்தியின் மேல் லேசாக இழுக்க வேண்டும், அழுத்தினால் அடிச்சேறு கலந்துவிடும். பார்க்கச் சுலபம். என் பேரன் இழுத்ததும் உப்பு சாம்பல் நிறத்தில் வந்தது. "தம்பி, நீ வாருன உப்பை யாரும் வாங்க மாட்டாங்க" என்று சிரித்தார் அந்த அம்மா. பாத்தியை முதலில் மிதித்து மிதித்துக் கெட்டிப்படுத்துவது, கஜா புயலில் சேறு புகுந்து பாத்தியெல்லாம் வீணாகி மறுபடி முதலிலிருந்து தொடங்கியது என்று தாமாகவே சொல்லிக்கொண்டு போனார். காலைக் காட்டினார், பாதம் முழுக்க வெடிப்பு. பேத்தி, "ராஜாஜி வந்தப்போ உங்க தாத்தா இங்க வேலை பார்த்தாங்களா?" என்று கேட்டாள். அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "தாத்தா அளத்துலதான் இருந்தாரு, அவர் வந்த ராஜாஜியப் பார்த்தாரான்னு கேக்கலயே பாப்பா" என்றார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லாத கால் மணி நேரம். டீச்சரம்மா மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். உப்பு எடுப்பதைக் குற்றமாக்கிய 1882 சட்டத்தைப் பற்றி நினைவுத் தூண் நிழலில் அவர் பேசியபோது, பிள்ளைகள் கை நிறைய அழுக்கு உப்போடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரயில்வேக்காரன் புத்தி, இதையும் சொல்லிவிடுகிறேன். அகஸ்தியம்பள்ளியில் ரயில்வே ஸ்டேஷன் இருக்கிறது. ஒரு காலத்தில் உப்பு ஏற்றிப் போன மீட்டர் கேஜ் பாதை. மூடிக் கிடந்து, திருத்துறைப்பூண்டியிலிருந்து 37 கிலோமீட்டர் அகலப் பாதையாகி 2023 ஏப்ரலில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அந்த ஒரு துண்டையாவது பிள்ளைகளை ரயிலில் கூட்டிப் போயிருக்கலாம். உப்பு எப்படி ஊர் ஊராகப் போனது என்று சன்னலோரமே பாடம் நடந்திருக்கும். நேரம் ஒத்துவரவில்லை என்றார்கள். ஒத்துவருகிற மாதிரி ஒரு நாளைத் திட்டம் போடலாம்.

எல்லாவற்றையும்விட எனக்கு உறுத்துவது வேறு. வகுப்புப் பிள்ளைகளில் பாதிப் பேர் பொன்மலை குவார்ட்டர்ஸிலும் அதைச் சுற்றியும் இருப்பவர்கள். செப்டம்பர் 5 அன்று ஆசிரியர் தினத்துக்கு வகுப்புக்கு வந்து டீச்சர்களுக்குப் பேனா கொடுத்தார்கள். டீச்சரம்மா அன்றைக்கு வ.உ.சி. பிறந்த நாளும்கூட என்று நினைவுபடுத்தினார், நல்லது. 1946இல் அதே செப்டம்பர் 5, நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சங்கத் திடலில், வேலைநிறுத்தத்தில் இருந்த ரயில்வே தொழிலாளர்கள் மேல் மலபார் போலீஸ் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். வருஷா வருஷம் அங்கே மாலை போடுகிறோம். இந்த ஒர்க்‌ஷாப்பே நாகப்பட்டினத்திலிருந்து 1928இல் இங்கே வந்தபோது ஆட்குறைப்பை எதிர்த்து நடந்த பெரிய ஸ்டிரைக், அதற்குத் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் ஜெயிலுக்குப் போனது, ஒன்றையும் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் செய்து கொடுத்த ஊர் என்பதுகூடத் தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போய் பானிபூரி சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள்.

கேட்டேன். "சின்னப் பசங்களுக்குத் துப்பாக்கிச் சூடெல்லாம் வேண்டாமேன்னு பார்த்தோம் சார், கொஞ்சம் அரசியலாவும் ஆயிடும்" என்றார் டீச்சரம்மா. வேதாரண்யத்தில் தடியடியும் ஜெயிலும் சொல்லும்போது இந்தத் தயக்கம் இல்லை. தூரத்தில் நடந்தால் வரலாறு, பக்கத்துத் தெருவில் நடந்தால் அரசியலா? பருவத்தோடு சேர்த்துத்தான் சொல்வோம் என்றால், மாலை போடுகிற நாளே இருக்கிறது. முந்தின நாள் பிள்ளைகளை விட்டுத் திடலைப் பெருக்கச் சொல்லுங்கள், ரிட்டயர்டு ஆட்கள் நாலு பேர் வந்து உட்காருவோம், அப்பாவிடம் கேட்டதைச் சொல்லுவோம். வேன் வாடகையே இல்லை. யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. அதற்குக் கீழே என்றால் காவிரியும் புரட்டாசியும் மட்டும் போதும், வேதாரண்யம் அலைச்சல் தாங்காது. ஏதாவது ஒன்றுக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் காவிரி. மார்க் போடச் சொன்னால் பத்துக்கு ஏழரை. பிள்ளை கையில் வேலை கொடுத்த இடமெல்லாம் நின்றது, வேஷம் கட்டி போட்டோ எடுத்த இடமெல்லாம் வேனில் ஏறும்போதே மறந்துபோனது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தைப் பருவத்தைத் திருத்தினார்கள் என்றால் எட்டரை போடுவேன். சங்கத் திடலுக்குக் கூட்டி வந்தால் மீதியையும் பேசலாம்.

அடுத்த சுற்றுக்கு மே கடைசியில் பெயர் கொடுக்க வேண்டும், ஜூனில் கேட்டால் இடம் இருக்காது. பணம் ஜிபேயில் வாங்குகிறார்கள், ரசீது கேட்டால்தான் தருகிறார்கள். கேட்டு வாங்குங்கள், உத்திரமேரூர்க் கணக்கு அவர்களுக்கும் பொருந்தும்.